பள்ளிக்கூட மண்டபத்தில் டிஸ்கோ

பிரித்தானியாவின் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் வருஷத்துக்கு இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைகளில், வெளியே வெளிச்சம் இருக்கும்போதே மண்டபத்தின் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டு மேசைகள் மடித்துச் சுவரோடு சாத்தப்பட்டிருக்கும். வாசலில் ஒரு தாய் தகரப் பெட்டியோடு இருந்து காசு வாங்குவார். ஐந்து மணியிலிருந்து ஆறேகால் வரை சின்னப் பிள்ளைகள். ஆறரையிலிருந்து எட்டு மணி வரை பெரிய பிள்ளைகள். பெரிய பிள்ளைகள் என்றால் பதினொரு வயது. இதுதான் ஸ்கூல் டிஸ்கோ. இந்த இதழை வாசிப்பவர்களில் ஒரு பாதியினர் அந்த மண்டபத்துக்குள் நின்று ஆடியிருப்பார்கள். மறு பாதியினர் வெளியே காருக்குள் இருந்து நேரம் பார்த்திருப்பார்கள். நான் இரண்டிலும் சேராதவன். 1998 இலிருந்து தென்லண்டனிலும் அதையொட்டிய சரே பக்கத்து ஊர்களிலும் அந்த மண்டபங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரவு விடுதிகளில் பாட்டுப் போட்டவர்களைப் பற்றிக் கனமான புத்தகங்கள் இருக்கின்றன. மான்செஸ்ரரிலும் சிகாகோவிலும் எந்த டிஜே எந்த இரவில் எந்த இசைத்தட்டைப் போட்டார் என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் எதற்கு ஆடினார்கள் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லைப் போலிருக்கிறது. என்னிடம் எட்டுச் சப்பாத்துப் பெட்டிகள் இருக்கின்றன. அவை நிறையப் பிள்ளைகள் எழுதித் தந்த விருப்பத் துண்டுகள். இந்தக் கட்டுரைக்கு அவைதான் என் ஆவணக் காப்பகம்.

முதலில் தொழிலின் கதை. அதை நான் லிங்கன்ஷயரில் இருக்கும் பொஸ்ரன் பட்டினத்தில் தொடங்குவேன். அமெரிக்கப் பொஸ்ரனுக்குப் பெயர் கொடுத்தது இந்தச் சிறிய ஊர்தான். அங்கே ரொன் டிகின்ஸ் என்பவர் 1949 இல் ஒரு மர மேசையைச் செய்தார். 78 சுற்று இசைத்தட்டுகளுக்கென்று இரண்டு சுழல்தட்டுகள், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள், மைக், விளக்குகள் எல்லாம் ஒன்றாக. தன் பெயரையே நீட்டி அதற்கு டிகோலா என்று பெயர் வைத்து, வாகனத்தில் ஏற்றி, கிராம மண்டபங்களுக்குக் கொண்டுபோனார். அதுவரை ஊரில் ஒரு நடனம் என்றால் வாத்தியக் குழு வேண்டும், குழுவுக்குக் கூலி வேண்டும், சாப்பாடு வேண்டும். இப்போது ஒரு ஆள் போதும். டிஸ்கோ என்ற சொல் அந்த ஊர்களுக்குப் போய்ச் சேர முன்னரே நடமாடும் டிஸ்கோ போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டு சுழல்தட்டுகளை முதலில் இணைத்தவன் தானே என்று சொல்லிக்கொண்டிருந்தவர் வேறொருவர், பிபிசி புகழ் ஜிம்மி சவில். அவரிடம் பின்னால் வருகிறேன்.

டிகின்ஸைப் பற்றி வாசித்தபோது அவர் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் ஓர் ஒலிபெருக்கிக்காரர் இருந்தார். தென்னையிலோ பனையிலோ கூம்புக் குழாயைக் கட்டிவிட்டு, அம்பிளிபயர் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். திருவிழா, கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் அவரே. விடியற்புறம் பக்திப் பாட்டு, வெயில் ஏற ஏறச் சினிமாப் பாட்டு. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பதில் கோயில் தர்மகர்த்தா கூட அவரிடம் வாய் திறக்கமாட்டார். நாங்கள் பெடியள் சுற்றி நிற்போம். தட்டைத் தொட விடமாட்டார். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளானது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோவும் கசெற்றும் கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் பாடகரின் குரல் இழுபட்டுத் தடிக்கும். இங்கே வந்து, பாட்டின் வேகத்தை மாற்றும் பொத்தானை முதன்முதல் பார்த்தபோது, இந்த வேலையை நான் ஏற்கெனவே கையால் செய்திருக்கிறேன் என்று தோன்றியது.

இசைத்தட்டைப் பொது இடத்தில் போடுவதற்குக் காசு கட்டவேண்டும் என்ற விதி ஓர் உணவகத்தில் தொடங்கியது. பிரிஸ்டலில் ஒரு உணவகம் தன் வாடிக்கையாளருக்கு இசைத்தட்டுப் போட, கிராமபோன் கொம்பனி வழக்குப் போட்டு வென்றது. உடனே, 1934 இல், இ.எம்.ஐ.யும் டெக்காவும் சேர்ந்து பி.பி.எல். என்ற அமைப்பை உண்டாக்கின. பாட்டை ஆக்கியவர்களுக்குரிய பி.ஆர்.எஸ். 1914 இலிருந்தே இருந்தது. இரண்டுக்கும் வெவ்வேறாகக் கட்டி வந்தது 2018 இலிருந்து ஒரே உரிமமாகியிருக்கிறது. பெற்றோர் சங்கத்தின் பொருளாளர்கள் இதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பதை இருபத்தைந்து வருஷமாகப் பார்த்து வருகிறேன்.

எழுபதுகளில் இது ஒரு முழுத் தொழிலாகிவிட்டது. கராட் எஸ்பி25 சுழல்தட்டுகள் இரண்டைப் பொருத்திய மேசைகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. லூட்டனில் செய்த சோலர் 250 என்ற புரொஜெக்ரர், எண்ணெயும் சாயமும் அடைத்த சக்கரத்தைச் சுழற்றிச் சுவரில் நிறக் குமிழிகளை ஊரவிடும். தபால்காரர்கள், மின்வேலைக்காரர்கள், ஆசிரியர்கள் என்று பலர் சனி ஞாயிறில் டிஜே ஆனார்கள். எனக்குத் தன் சாமான்களை விற்றவரும் அப்படி ஒருவர்தான். பகலில் எரிவாயு அடுப்புத் திருத்துகிறவர், முதுகு வலியால் தொழிலை விட்டார். இரட்டைச் சீடி இயந்திரம், அம்பிளிபயர், என் நெஞ்சளவு உயரமான இரண்டு ஸ்பீக்கர்கள், நாலு நிற லைற்றுகள், சவர்க்காரக் குமிழி ஊதும் பெட்டி ஒன்று. எல்லாம் 650 பவுண். நான் இங்கே வந்து அப்போது இரண்டு வருஷம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. சாமான்களை வானில் ஏற்றும்போது அவர் ஒரு விஷயம் சொன்னார்: பிள்ளைகளின் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார். முகம் உன்னைப் பார்த்துச் சிரிக்கும், கால் உண்மை சொல்லும்.

பள்ளிக்கூடங்களுக்கு இந்த டிஸ்கோ ஏன் தேவைப்பட்டது என்றால், காசுதான். பெற்றோர்-ஆசிரியர் சங்கங்கள் இங்கே பழையவை. 1956 இலேயே தேசியக் கூட்டமைப்பு உருவாகிவிட்டது. 1988 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வரவுசெலவைப் பள்ளிக்கூடங்களின் கையிலேயே கொடுத்த பிறகு, ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் கணக்குப் பார்க்கிறவரானார். நூலகத்துக்குப் புத்தகம், விளையாட்டிடத்துக்கு ஏறுசட்டம், சுற்றுலா பஸ் வாடகை எல்லாம் சங்கத்தின் தலையில் விழுந்தன. இருநூறு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு பவுண், உள்ளே இனிப்பும் சிப்ஸும் ஒளிரும் வளையலும் தனிக் காசு. முதல் வருஷம் எனக்கு 60 பவுண் தந்தார்கள். இப்போது 180 கேட்கிறேன். ஒளிரும் வளையலில் அவர்களுக்கு வரும் லாபம் என்னுடைய கூலியைவிடக் கூட என்று ஒரு பொருளாளர் மனம்விட்டுச் சொன்னார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று காருக்குள் இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டும். முதல் இருபது நிமிஷம் யாரும் ஆடமாட்டார்கள். ஓடுவார்கள். மண்டபத்தின் ஒரு சுவரைத் தொட்டு மற்றச் சுவருக்கு ஓடி, நடுவில் முழங்காலில் விழுந்து சறுக்குவார்கள். இது எந்தப் பள்ளிக்கூடத்திலும் மாறாது. கத்தோலிக்கப் பள்ளிக்கூடமென்றாலும் சரி, அரச பள்ளிக்கூடமென்றாலும் சரி. காற்சட்டையின் முழங்கால் கிழியும். மைக்கில் நான் சறுக்கவேண்டாம் என்று சொல்வேன். சொன்னதும் சறுக்குவார்கள். பிறகு சிலை விளையாட்டு: பாட்டு நிற்கும்போது அசையக் கூடாது. அதில்தான் ஓட்டம் அடங்கும். சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005 ஆம் ஆண்டின் வேலைத்தல இரைச்சல் விதிகள் 2008 ஏப்ரலில் இசைத் தொழிலுக்கும் வந்தன. 85 டெசிபலுக்கு மேல் என்றால் காதுக் காப்புக் கட்டாயம். நான் மானி ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தேன். என் ஸ்பீக்கர்கள் கட்டுக்குள் இருந்தன. பாட்டை நிறுத்தியபோதுதான் முள் ஏறியது. இருநூறு பிள்ளைகள் ஒன்றாகக் கூவுவதை அடக்க விதி ஏதும் இல்லை.

இனிச் சப்பாத்துப் பெட்டிகள். மேசையில் பென்சிலும் துண்டுக் கடதாசியும் வைத்திருப்பேன். இலங்கை வானொலியின் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்தவனுக்கு இது புதிய யோசனை அல்ல. அங்கே தபால் அட்டை, இங்கே கொப்பியிலிருந்து கிழித்த தாள். பாட்டின் பெயர் தெரியாதவர்கள் படம் கீறித் தருவார்கள். ஒரு பிள்ளை சுறா மீன் கீறியிருக்கிறது. ஒரு பிள்ளை எதுவும் கேட்காமல், அம்மா வெள்ளை நிற வானில் வருவா என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதை ஏன் எனக்குத் தந்தது என்று இன்றும் விளங்கவில்லை.

துண்டுகளை வருஷ வாரியாக அடுக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அந்தந்த வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டுகள் வருகின்றன, போகின்றன. அடுத்த வருஷம் அவற்றைக் கேட்க ஆளில்லை. அசையாமல் நிற்பவை வேறு சாதிப் பாட்டுகள். கையை இப்படி வை, இப்போது குதி, இப்போது திரும்பு என்று பாட்டே ஆட்டத்தைச் சொல்லும், அல்லது பாட்டோடு ஒட்டிய அசைவு ஒன்று இருக்கும். விமர்சகர்கள் இவற்றை மதிப்பதில்லை. இரவு விடுதி டிஜேக்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இவை இல்லாமல் ஸ்கூல் டிஸ்கோ இல்லை.

இந்தப் பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். 1981 இல் பிரித்தானியாவில் இரண்டாம் இடம்வரை போன குருவிப் பாட்டு, பேர்டி சோங், சுவிற்சர்லாந்தின் வேர்னர் தோமஸ் என்ற அக்கோர்டியன் வாசிப்பவர் ஐம்பதுகளில் செய்த மெட்டு. பிளாக் லேஸ் குழு யோர்க்ஷயர்காரர்கள்தான், ஆனால் 1983 இல் அவர்கள் பாடிய சூப்பர்மான் இத்தாலியின் குளோடியோ செக்கெட்டோ 1981 இல் வெளியிட்டது. அடுத்த வருஷம் வந்த அகடூ பழைய பிரெஞ்சுப் பாட்டு. 1994 இல் முதலிடம் பிடித்த சற்றர்டே நைட்டைப் பாடிய விக்ஃபீல்ட் டென்மார்க்காரி, தயாரித்தவர்கள் இத்தாலியர். 1996 இன் மக்கரேனா செவில் நகரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர் இருவருடையது. 2002 இன் கெச்சப் பாட்டு கோர்டோபாவின் சகோதரிகள் பாடியது. பிறகு 2012 இல் சோலிலிருந்து கங்னம் ஸ்டைல். இன்னும் நாலு வருஷத்தில் அதே கொரியாவிலிருந்து குட்டிச் சுறா.

சா சா ஸ்லைட் பாட்டுக்குத் தனி வரலாறு உண்டு. சிகாகோவின் டிஜே காஸ்பர், உடற்பயிற்சி நிலையத்தில் பயிற்சியாளராக இருந்த உறவுப் பையனுக்காக 1998 அளவில் செய்தது அது. அந்தப் பையன் மருமகனா பெறாமகனா என்று கேட்காதீர்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பயிற்சிக்கு வந்த பெரியவர்களுக்கு இடம் வலம் சொல்லிக் கொடுக்கச் செய்த பாட்டு, 2004 மார்ச்சில் பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வந்தது. என் பெட்டிகளில் ஆகக் கூடுதலாக இருக்கும் பெயரும் அதுதான், ஒன்பது விதமான எழுத்துப் பிழைகளோடு.

ஆக, ஆங்கிலேயப் பிள்ளைப் பருவத்தின் அடையாளம் என்று இங்கே எல்லோரும் நினைக்கும் பாட்டுகளில் மிகப் பெரும்பங்கு ஆங்கிலேயருடையதல்ல. இதற்குக் காரணம் இருக்கிறது. எழுபதுகளிலிருந்து மலிவு விலைச் சுற்றுலாவில் பிரித்தானியத் தொழிலாளர் குடும்பங்கள் ஸ்பெயினின் கடற்கரைகளுக்குப் போயின. அங்கே ஹோட்டலில் ஜேர்மன்காரர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் ஒரே தரையில் நின்றார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. அந்தத் தரைக்கு ஏற்ற பாட்டு, சொல் விளங்காமலே ஆடக்கூடிய பாட்டாகத்தான் இருக்கமுடியும். விடுமுறை முடிந்து பிள்ளைகள் அந்த அசைவுகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

பாஷை தெரியாத சுற்றுலாக்காரருக்குச் செய்த பாட்டு, பாஷை தெரியாமல் வந்து சேர்ந்த பிள்ளைக்கும் பொருந்தியது. இதைக் காலைப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன். 1999, 2000 அளவில் என் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எங்கள் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். வன்னியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து இங்கே. சோமாலியாவிலிருந்தும் கொசோவோவிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். 2004 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் விரிந்த பிறகு போலந்துப் பிள்ளைகள். அவர்கள் வந்தது, சா சா ஸ்லைட் எல்லாக் கடையிலும் ஓடிக்கொண்டிருந்த அதே கோடையில்.

மேடையிலிருந்து பார்த்தால் புதிதாக வந்த பிள்ளையை உடனே அடையாளம் காணலாம். உடுப்போ நிறமோ பார்க்கத் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் கால் மற்றவர்களைவிட அரை வினாடி பிந்தி நகரும். பாட்டு இடப்பக்கம் என்று சொல்லும். இருநூறு பிள்ளைகள் இடப்பக்கம் போவார்கள். ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து, பிறகு போகும். அந்த அரை வினாடி ஆங்கிலத்தின் நீளம். நத்தார் டிஸ்கோவில் அரை வினாடி, ஈஸ்ரருக்கு முன்னால் நடக்கும் டிஸ்கோவில் கால் வினாடி, கோடைகாலத்தில் எந்தப் பிள்ளை என்று எனக்கே தெரியாது. சில ஆசிரியைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கில உதவி வகுப்பு எடுக்கும் ஒருவர் மட்டும் உடனே தலையாட்டினார். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளை அவர் டிஸ்கோவுக்கு வற்புறுத்தி அனுப்புவாராம்.

அதே துண்டுகளில் இன்னொன்றும் தெரிகிறது. முதல் சில வருஷங்களில் எங்கள் பெண்பிள்ளைகளின் பெயர் அவற்றில் மிகக் குறைவு. பையன்களை விட்டார்கள், பெண்பிள்ளைகளை விடவில்லை. அதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். டிஸ்கோ எங்களுக்குத் தமிழ் சினிமா வழியாக வந்த சொல். வில்லனின் இடம், புகை, கண்ணாடிக் குவளை, மினுங்கும் சட்டை. பள்ளிக்கூடத்திலிருந்து டிஸ்கோ என்று கடிதம் வந்தால் எட்டு வயது மகளின் தகப்பன் என்ன நினைப்பார்? கடிதம் கையெழுத்தில்லாமல் புத்தகப் பைக்குள்ளேயே கிடக்கும். 2001 இல் ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, விடுவதா கூட்டிப்போவதா என்று தெரியாமல் வாசலில் நின்றார். நான் வயர் எடுக்க வெளியே போனேன்.

"அண்ணா, நீங்கள் தமிழோ?"

"ஓம், அக்கா."

"உள்ளுக்கு என்ன செய்யினம்?"

"ஓடித் திரியினம். வந்து பாருங்கோவன்."

அவர் உள்ளே வந்து ஐந்து நிமிஷம் சுவரோடு நின்று பார்த்தார். பையன்கள் முழங்காலில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆசிரியை ஒருவனின் மூக்கைத் துடைத்துவிட்டார். "இதுக்கோ டிஸ்கோ எண்டு பேர் வைச்சவை?" என்று கேட்டுவிட்டு மகளின் கையை விட்டார். அடுத்த தடவை மூன்று தாய்மார் வந்தார்கள். ஒருவர் இனிப்பு மேசையில் உதவிக்கு நின்றார். 2005 க்குப் பிறகு துண்டுகளில் எங்கள் பெண்பிள்ளைகளின் பெயர்களை எண்ணத் தேவையில்லாமல் போயிற்று.

தாய்மாரின் பயம் வேறு பொருளில் நியாயமானது என்பதையும் எழுதவேண்டும். பிள்ளைகள் நிறைந்த இருட்டு மண்டபத்தில் மைக்கோடு நிற்கும் ஆண் யார்? நான் தொடங்கியபோது யாரும் என்னிடம் ஒரு தாளும் கேட்கவில்லை. தொலைபேசியில் நாள் குறித்தார்கள், போனேன், அவ்வளவுதான். 2002 மார்ச்சில் குற்றப்பதிவுப் பணியகம் வேலை தொடங்கியது. அதன் பிறகு சான்றிதழ் கேட்டார்கள். சுயதொழில்காரர் தனக்குத் தானே அந்த உயர்நிலைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அப்போது முடியாது, இன்னொரு நிறுவனம் கேட்கவேண்டியிருந்தது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு தரகு நிறுவனத்தைத் தேடினேன். 2012 டிசம்பரில் அந்தப் பணியகத்தின் பெயர் மாறி டி.பி.எஸ். ஆனது. அதற்கு இரண்டு மாதம் முன்னர், ஒக்ரோபரில், சவிலின் கதை தொலைக்காட்சியில் வந்தது. அவர் இறந்து ஒரு வருஷமாகியிருந்தது. பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானோருக்கு அவர் செய்த பாலியல் கொடுமைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் நண்பன் என்று பிபிசி காட்டிய டிஜே அவர்.

அந்த நத்தார் காலத்தில் மண்டபங்களின் காற்றே மாறியிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் என்னைத் தெரிந்த தலைமை ஆசிரியையே, பதினொரு வருஷப் பழக்கம், சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. 1970 இல் யாராவது ஒருவர் சவிலிடம் அப்படி ஒரு தாளைக் கேட்டுப் பிடித்துப் பார்த்திருக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து துண்டுகள் என் மேசைக்கு வருவதில்லை. இனிப்பு மேசையில் ஒரு பெட்டி. பிள்ளைகள் அதில் போட, ஓர் ஆசிரியர் கொண்டுவந்து தருவார். நல்ல ஏற்பாடு. கையெழுத்து எந்தப் பிள்ளையுடையது என்று தெரியாமல் போனது மட்டும் ஆவணக் காப்பாளனுக்கு நட்டம்.

எங்கள் பக்கத்துப் பாட்டுகள் துண்டுகளில் எப்போது வருகின்றன என்று வாசகர்கள் கேட்பார்கள். 1998 பெப்ரவரியில் கோர்ணர்ஷொப் குழுவின் ஆஷா பாட்டு முதலிடத்தில் இருந்தது. ஆஷா போஸ்லேயின் பெயரை ஆங்கிலேயப் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள், யார் என்று தெரியாமல். 2003 இல் பஞ்சாபி எம்சி. தமிழ் என்றால் 2011 டிசம்பர். கொலவெறி யூரியூப்பில் வந்து மூன்று நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரே நத்தார் டிஸ்கோவில் பதினேழு துண்டுகள் வந்தன. பெயர்களைப் பார்த்தால் எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர்தான். மற்றவர்கள் அவர்களிடம் கேட்டு எழுதியவர்கள், ஒருவன் கொலம்பெரி என்று எழுதியிருந்தான். பாட்டைப் போட்டபோது, அதுவரை வீட்டில் இரண்டு சொல் தமிழ் பேசாத ஒரு பெடியனிடம் நாலு பேர் சொல்லின் அர்த்தம் கேட்டார்கள். அவன் ஏதோ ஒன்றைச் சொன்னான். தூரத்திலிருந்து பார்க்க, பிழையாகச் சொல்கிறான் என்றே தோன்றியது.

2020 மார்ச்சிலிருந்து ஒன்றரை வருஷம் துண்டுகள் இல்லை. திரும்பி வந்தபோது தொழில் மாறியிருந்தது. சில சங்கங்கள் ஒரு புளூடூத் ஸ்பீக்கரையும் தொலைபேசியையும் வைத்துத் தாங்களே நடத்துகின்றன. காசு மிச்சம். சில பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குத் தலையில் மாட்டும் ஒலிக்கருவி கொடுத்து மௌன டிஸ்கோ நடத்துகிறார்கள். வெளியே நின்று பார்த்தால் பாட்டில்லாமல் இருநூறு பேர் ஆடுவார்கள், சப்பாத்துத் தேயும் சத்தம் மட்டும். துண்டுகளும் மாறின. இப்போது பிள்ளைகள் கேட்பது முழுப் பாட்டையல்ல, டிக்ரொக்கில் வந்த பதினைந்து வினாடியை. அந்த இடம் வரும்வரை சும்மா நிற்பார்கள். வந்ததும் எல்லோரும் ஒரே அசைவு. பிறகு மறுபடி சும்மா. ஒரு பாட்டை முழுவதும் போடுவது இப்போது எனக்கே நீளமாகத் தெரிகிறது.

2022 ஜூலையில் சரேயில் ஒரு பள்ளிக்கூடம். உக்ரேனிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே நாலு பேர். போர் தொடங்கி ஐந்து மாதம். ஆசிரியர் கொண்டுவந்த துண்டுகளில் ஒன்று சிரிலிக் எழுத்தில் இருந்தது. யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. தொலைபேசியைப் பிடித்துப் பார்த்தேன்: ஸ்டெஃபானியா. மே மாதத்தில் ரூரினில் நடந்த யூரோவிஷனில் வென்ற பாட்டு. பிரித்தானியா இரண்டாம் இடம் வந்த இரவு அது, ஆகையால் மற்றப் பிள்ளைகளில் சிலரும் கேட்டிருந்தார்கள். தேடி எடுத்துப் போட்டேன். நடுத்தரையில் இரண்டு பெண்பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள், அவர்களுக்கு அந்தப் பாட்டின் அசைவுகள் தெரிந்திருந்தன. நான் காலைப் பார்த்தேன். அந்த இரண்டு பேரைச் சுற்றி நின்ற முழு மண்டபமும் அரை வினாடி பிந்தி ஆடிக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், கடைசித் துண்டுகளை ஆசிரியர் கொண்டுவந்து வைத்தார். அவற்றில் ஒன்று அதே பென்சில், அதே சாய்வான கை. இம்முறை ஆங்கிலத்தில், பத்தாவது விதமான எழுத்துப் பிழையோடு, சா சா ஸ்லைட் கேட்டிருந்தாள்.